தெரிவித்தாகிவிட்டது

ஒரு செய்தியைச் சொல்வது வேறு. சொல்லிவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்வது வேறு. வீட்டு விஷயங்களில் இந்த வித்தியாசம் நம் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். தாய்மாமனுக்குக் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு, "அனுப்பினோமே, ஏன் வரவில்லை?" என்று கேட்கிறவரை யாரும் மன்னிப்பதில்லை. வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் அழைக்க வேண்டியவரை நேரில்தான் அழைக்க வேண்டும். தபால்காரர் தம் கடமையைச் செய்தார் என்பது அங்கே பதில் ஆகாது.

குடும்பத்தில் இவ்வளவு நுட்பமாக நியாயம் பார்க்கிற நாம், ஊர்க் காரியம் என்று வந்துவிட்டால் மட்டும் தபால்காரரின் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம். "அதுதான் இணையதளத்தில் போட்டிருக்கிறார்களே, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்கிறோம்.

எதைப் போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரின் எல்லையில் தோல் பதனிடும் ஆலையோ, சாயப்பட்டறையோ, கல்குவாரியோ வரவேண்டுமானால் சர்க்காரின் இசைவு வேண்டும். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு தடவை இசைவு தருகிறது. கட்டுவதற்கு ஒன்று, கட்டிய பிறகு நடத்துவதற்கு ஒன்று. பெரிய தொழில்களுக்கும் சுரங்கங்களுக்கும் இவற்றோடு சுற்றுச்சூழல் அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்ட பிறகு, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளும் அதைப் பெற்றாக வேண்டும். ஒவ்வொன்றோடும் நிபந்தனைகள் வரும்: கழிவுநீர் எவ்வளவு, அதைச் சுத்தம் செய்வது எப்படி, தூசு பறக்காமல் என்ன செய்ய வேண்டும், எத்தனை மரம் நட வேண்டும் என்று பக்கம் பக்கமாக. பார்த்தால் ஆலைக்காரருக்கும் சர்க்காருக்கும் இடையே நடந்த ஒப்பந்தம் போல இருக்கும். உண்மையில் அந்தக் காகிதம் முழுவதும், அதில் கையெழுத்தே போடாத மூன்றாம் மனிதர் ஒருவரைப் பற்றியது. அவர் பக்கத்து நிலத்தின் கிணற்றுக்காரர்.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிற சாலையில் ரெட்டியார்சத்திரம் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் கோபிநாத சுவாமி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊரைக் கடந்துவிடுவார்கள். இஸ்ரேல் நாட்டு உதவியோடு அமைந்த காய்கறி மகத்துவ மையம் அங்கே இருப்பது விவசாயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தோட்டப் பயிர் நிறைந்த பூமி. அந்தப் பக்கத்துச் சம்சாரி தம் கிணற்றைப் பற்றிப் பேசும்போது மாட்டைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். அதற்குக் குணம் உண்டு, கோபம் உண்டு, வயது உண்டு. ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கனுக்கும் தண்ணீர் இல்லை என்று சொல்லாத இடத்துக்குத்தான் நம் நாட்டில் சத்திரம் என்று பெயர்.

இந்த ஊரின் பெயர் நம் நாட்டுச் சட்ட சரித்திரத்தின் மிகப் பிரபலமான தீர்ப்புகளில் ஒன்றில் இடம் பெற்றிருக்கிறது. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கெடுவதற்கு முன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு நியாயங்களும் இந்த நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவையே என்று நீதிபதிகள் சொன்னது இந்த வழக்கில்தான். திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

அவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு பத்தி அதில் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் யூனியன்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறுகளைக் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் மொத்தம் 467. அவற்றில் கெட்டுப்போனவை 350. நாலு கிணற்றுக்கு மூன்று. குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்று அடுத்த வரி சொல்கிறது.

எப்படிக் கெட்டன என்பதில் மர்மம் எதுவுமில்லை. ஆலைக்கு உப்புப் போட்டு வருகிற தோலை ஊற வைத்துக் கழுவினால் அந்த உப்பெல்லாம் தண்ணீருக்கு வரும். மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேரும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகத் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமல்லவா? பள்ளத்தைப் பார்த்துப் போகும், மண்ணுக்குள் இறங்கும், இறங்கிய உப்பு இலேசில் வெளியே வராது. தென்னங்குருத்து கருகத் தொடங்கும்போதுதான் மேலே இருக்கிறவருக்கு விஷயம் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது சின்ன விஷயம். ஆனால் எனக்கு அது சின்னதாகப் படவில்லை. இந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படிப் பரவியிருக்கிற ஆங்கில நகலில், ரெட்டியார்சத்திரத்தின் முதல் எழுத்து மாறி 'பெட்டியார் சத்திரம்' என்று ஆகிவிட்டது. பஞ்சாயத்து யூனியன் தலையெழுத்தை இழந்து 'அஞ்சாயத்து' யூனியன் ஆகிவிட்டது! அச்சுக்கோத்தவரையோ தட்டச்சு செய்தவரையோ குறை சொல்லிப் பயனில்லை; யாருக்கும் கை வழுக்கும். ஆனால் நினைத்துப் பாருங்கள். ரெட்டியார்சத்திரத்துப் பிள்ளை ஒருவன், 'நம்ம ஊர்க் கிணறுகளைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?' என்று தன் ஊரின் பெயரை எழுதித் தேடுகிறான். அந்தப் பத்தி அவனுக்கு அகப்படாது. அது ஒளித்து வைக்கப்படவில்லை. உலகம் முழுவதும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. அவன் ஒருவனுக்கு மட்டும் அகப்படாது.

முன்காலத்தில் தண்டோரா போட்டார்கள். அதை நினைத்து ஏங்குகிறவன் அல்ல நான். அந்தப் பறையை அடிக்க வேண்டியவர் இன்ன சாதி என்று விதித்து வைத்திருந்த ஏற்பாடு அது. 2022-ல் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னது நல்ல காரியம். ஆனாலும் தண்டோராவில் ஒரு நியாயம் இருந்தது. சொல்ல வேண்டியவர் தெருத்தெருவாக நடப்பார். கேட்க வேண்டியவர் திண்ணையில் இருப்பார். கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டும் அப்படித்தான். உத்தரமேரூர்க் கல்வெட்டு எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் பேருக்குத்தான். ஆனால் சுவர் எங்கே இருக்கிறது என்பது ஆடு மேய்க்கிற சிறுவனுக்கும் தெரியும். வாசிக்கத் தெரிந்தவரைக் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போகலாம். இணையதளத்தில் நடக்கிற பாரம் இடம் மாறிவிட்டது. சொல்ல வேண்டியவர் உட்கார்ந்திருக்கிறார். தெரிந்துகொள்ள வேண்டியவர் நடக்க வேண்டும், அதுவும் சுவர் எங்கே என்று தெரியாமல்.

இணையதளமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் 'பரிவேஷ்' என்ற தளத்தைத் திறந்தது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான மனுக்களும், நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளும், அனுமதிக் கடிதங்களும் அதில் கிடைக்கின்றன. மாசு கட்டுப்பாட்டு வாரியமும் இசைவுக்கான மனுக்களை இணையத்தின் வழியே வாங்குகிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு கடிதத்தின் நகலைப் பார்க்க வேண்டுமானால் ஆபீஸில் தெரிந்தவர் வேண்டும். தெரிந்தவருக்குத் தெரிந்தவராவது வேண்டும். இன்று நள்ளிரவில் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்க்கலாம். இது சாமானியமான மாறுதல் அல்ல.

ஆனால் அந்தக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கிறது? மனு எண் தெரிந்தவருக்கு உடனே திறக்கும். மனுச் செய்த கம்பெனியின் பெயரை, அது காகிதத்தில் இருக்கிறபடியே அறிந்தவருக்குத் திறக்கும். ஊர்க்காரருக்கு இந்த இரண்டும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'ஓடைக்கு அந்தாண்டை இருக்கிற குவாரி'. சர்வே எண் வேண்டுமானால் சொல்வார். தம் நிலத்தினுடையது மட்டுமல்ல, சுற்றி நாலு பேருடையதும் சொல்வார். ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாம் என்றால், ரெட்டியார்சத்திரத்தை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு முறை. ஒரு காகிதத்தில் சத்திரம், ஒன்றில் சத்ரம். ஒன்றில் நடுவே இடம் விட்டு, ஒன்றில் சேர்த்து. தேடுகிற யந்திரத்துக்கு உறவுமுறை தெரியாது. ஓர் எழுத்து மாறினால் "அப்படி யாருமில்லை" என்று கதவைச் சாத்திவிடும்.

எல்லாம் தாண்டி உள்ளே போனால், இருப்பது ஆங்கிலம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிற திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சுருக்கம் தமிழில், விவரம் ஆங்கிலத்தில்! 2020-ல் இந்த விதிகளையே மாற்றி எழுத மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தரும்படி டில்லி ஐகோர்ட்டு சொன்னது. அரசு அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மொழிபெயர்க்கும் செலவைவிட வழக்கின் செலவு குறைவாக இருந்திருக்குமோ என்னவோ!

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நான் போயிருந்தபோது, டீக்கடைப் பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தது. வயதான சம்சாரி ஒருவர் பக்கத்தில் இருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்துக் குவாரி ஒன்றின் அனுமதிக் கடிதத்தைச் செல்போனில் தேடி எடுத்து, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துச் சொன்னேன். லாரி போகிற பாதையில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தண்ணி தெளிக்கணும்னு எழுதியே இருக்குங்களா, ஐயா?"

"எழுதியிருக்குங்க."

"நாங்க ஏதோ கேக்கக் கூடாததைக் கேக்குறோம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தோம்."

கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த நிபந்தனையைப் படிக்கத் தொடங்கினேன்.

"போதும் ஐயா" என்றார். "மகன் அந்த லாரியிலதான் டிரைவரா இருக்கான். எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் சும்மா இருக்க முடியாது பாருங்க."

அதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்னையை எந்தத் தத்துவ நூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தெரிந்துகொள்வது உரிமை என்று மேடையில் பேசுகிறோம். உரிமைதான். ஆனால் தெரிந்துகொண்ட மறுகணம் அது சுமையாகிவிடுகிறது. தெரியாதவரை அவர் தூசியை விதி என்று எண்ணித் தும்மிக்கொண்டிருக்கலாம். தெரிந்த பிறகு, ஒன்று கேட்க வேண்டும். அல்லது கேட்கவில்லை என்பதைச் சுமந்துகொண்டு சாப்பிட உட்கார வேண்டும். மகனுடைய சம்பளத்தில் வாங்கிய அரிசிச் சோறு அது.

அவரைக் கோழை என்று சொல்லத் துணிகிறவர் யார்? நான் அல்ல. என் கேள்வி வேறு. இவ்வளவு கனமான சுமையை ஒருவர் தலையில் வைக்கும்போது, 'வைத்துவிட்டோம், பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டு வைத்தவர் நகர்ந்துவிடலாமா?

அதிகாரிகளின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது; அதைச் சொல்லாவிட்டால் நான் பாரபட்சக்காரன் ஆவேன். ஒரு மாவட்ட அலுவலகத்தில் இருப்பவர்கள் சிலர். ஆலைகளும் குவாரிகளும் பல. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டு என்றால் நடக்கிற காரியமா? "பொதுவில் வைத்திருக்கிறோம், வேண்டியவர் பார்க்கட்டும்" என்பது அவர்கள் சோம்பலால் சொல்கிற வார்த்தை அல்ல. கைக்கு எட்டியதைச் சொல்கிறார்கள்.

ஆனால் சட்டம் எழுதியவர்களே இணையதளத்தை மட்டும் நம்பவில்லை. 2006-ல் வந்த சுற்றுச்சூழல் அனுமதி அறிவிக்கையும் அதன் திருத்தங்களும் என்ன சொல்கின்றன? அனுமதி பெற்றவர் அதை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும். நகலைப் பஞ்சாயத்துக்குக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்து அதை 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் நான்காவது பிரிவு, தாமாகவே வெளியிட வேண்டிய தகவல்களை உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியையும் கருதி வெளியிட வேண்டும் என்கிறது. ஆக, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்பதைச் சட்டம் நம்மைவிட நன்றாகவே அறிந்திருக்கிறது. தபாலோடு நின்றுவிடுகிறவர்கள் நாம்தான்.

இதில் மரியாதை மட்டும் போவதில்லை, நாளும் போகிறது. ஓர் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் 30 நாளைக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள் கிடைக்கலாம். அதற்குப் பிறகு கதவு இல்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது? அருணாசலப் பிரதேசத்தின் மோன் பகுதி மக்கள் அமைப்பு ஒன்று நீர்மின் திட்டம் ஒன்றை எதிர்த்து வந்தபோது, 2013-ல் தீர்ப்பாயம் இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. தடையில்லாமல் திறந்து பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் முடிகிறபடி முழு ஆணையும் வெளியானால்தான் தெரிவித்ததாகும் என்ற கருத்தில் முடிவு சொன்னது. நல்ல முடிவு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். முறைப்படி வெளியாகிவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ரெட்டியார்சத்திரத்துக் கிணற்றுக்காரர் அன்று தக்காளிப் பெட்டியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். அவருக்காக ஓடுகிற கடிகாரத்தின் சத்தம் அவர் காதில் விழாது.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தத் தொழிற்சாலைக்குள் என்ன இருக்கிறது என்று சுவருக்கு வெளியே குடிசை போட்டிருந்தவர்களுக்குத் தெரியாது. அதன் விளைவாக, ஒரே ஆண்டில், 1986-ல், இரண்டு நாடுகளில் இரண்டு சட்டங்கள் வந்தன. நம் நாட்டில் வந்தது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அது பெரும்பாலும் சர்க்காரின் கையைப் பலப்படுத்தியது. அமெரிக்காவில் வந்த சட்டத்தின் பெயரிலேயே, சுற்றி வாழ்கிற சமூகத்தின் அறியும் உரிமை என்ற சொல் இருக்கிறது. ஆலைகள் ஆண்டுதோறும் காற்றிலும் நீரிலும் எந்த விஷத்தை எவ்வளவு விட்டன என்று கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை அண்டை வீட்டுக்காரர் பார்க்கலாம். நம்மவர்கள் செத்தார்கள், அவர்கள் பாடம் படித்தார்கள். அங்கேயும் எல்லாம் சுத்தமாகிவிட்டதென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எதை முதலில் எண்ணினார்கள் என்பதில் ஒரு வித்தியாசம் தெரிகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆலை நடத்துகிறவர், அனுமதி தருகிறவர், அவதிப்படுகிறவர் என்று மூன்று பேரைத்தான் நாம் எண்ணுகிறோம். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். கையில் நல்ல செல்போன் இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வும் இருக்கிறது. அவருடைய பிள்ளை அந்த லாரியில் டிரைவர் அல்ல. பழைய நாளில் கிராமத்துக்கு ஒருவராவது, சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கடிதங்களைப் படித்துச் சொல்கிறவர் இருந்தார். கடிதம் அவருக்கு வந்ததல்ல. அதில் இருக்கிற துக்கமும் அவருடையதல்ல. ஆனாலும், "எனக்கு வந்த கடிதமா, நான் ஏன் படிக்க வேண்டும்?" என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஊர் அவரை என்ன சொல்லியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

அந்த மனிதருக்கு நம் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 25-வது பிரிவு, ஆறாவது உட்பிரிவு. ஒவ்வோர் ஆலைக்கும் விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது அது. ஆலையின் கழிவுநீரால் பாதிக்கப்பட்டவர், தகுந்த நேரத்தில் போய், அந்தப் பதிவேட்டில் தமக்குச் சம்பந்தப்பட்ட பகுதியைப் பார்க்கலாம். 1974-ல் இணையதளம் ஏது? போய்ப் பார்ப்பதுதான் வழி. 467 கிணறுகளில் 350 கெட்டது இந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான். அந்த உட்பிரிவில் பாதிக்கப்பட்டவரோடு இன்னொருவரையும் சேர்த்திருக்கிறார்கள். 'அல்லது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட எவரும்' என்று வருகிறது. கிணற்றுக்காரருக்குப் பதிலாக, அவர் சொல்லி அனுப்பிய எவரும் போகலாம். வக்கீலாக இருக்க வேண்டும் என்றோ, அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றோ அங்கே எழுதவில்லை. முத்திரைத்தாள் வேண்டும் என்றும் எழுதவில்லை.